கண்ணெழுதுதல் குற்றமா?

தமிழாசிரியர் நால்வர் கூடுமிடத்தில் அண்மைக் காலமாக ஓர் ஒப்பாரி கேட்கிறது. நம் பெண்பிள்ளைகள் இமைமயிருக்கு மஸ்காரா தீட்டுகின்றனராம். விழியோரத்தில் வால்நீள மை இழுக்கின்றனராம். பள்ளி விடுமுறையில் ஈப்போ லகாட் சாலைக் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் நீலம், பச்சை, ஊதா என்று இமைப்பூச்சுகளை வாங்கி, ஒருத்தி முகத்தில் மற்றொருத்தி பூசிப் பார்க்கின்றனராம். ஆகவே தமிழ்ப் பண்பாடு அழிந்துகொண்டிருக்கிறதாம்! கிந்தா வட்டாரத்துப் பால்மரக் காடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறி, நம் மக்கள் லயங்களைக் காலி செய்து வெளியேறிய காலத்தில்கூடப் பண்பாட்டின் பெயரால் இத்துணை உரத்த குரல் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு சிறுமியின் இமைமயிர் சற்றே கறுத்தவுடன் எழுந்துவிட்டது.

இவ்வொப்பாரியை நான் மறுக்கிறேன். மறுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுதல் நலம். சீருடை அணிந்து வரும் மாணவி முகப்பூச்சுடன் வரலாகாது என்பது பள்ளி விதி. நானும் ஒரு தலைமையாசிரியன். பத்து காஜாவில் அவ்விதியை நடைமுறைப்படுத்துகின்றவன். காலணியின் நிறத்திற்கும் நகத்தின் நீளத்திற்கும் விதி இருப்பதுபோல இதற்கும் இருக்கிறது. மீறி வந்தவளிடம், "இது பள்ளி விதி, அம்மா; முகத்தைக் கழுவிக்கொண்டு வா" என்று சொன்னால் அலுவல் முடிந்தது. நம்மவர்க்கு இந்த எளிமை போதவில்லை. விதியின் இடத்தில் பண்பாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். காலைச் சபைகூடலில் அவளை முன்னே அழைத்து, "நீ தமிழச்சிதானா?" என்று கேட்கின்றனர். அவ்வாறு கேட்கப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நான் அறிவேன். பள்ளியின் பெயர் வேண்டாம். கேட்டவர் தமிழ் இலக்கியம் பயின்றவர் என்பதே எனக்கு வியப்பு.

அவர் பயின்ற இலக்கியம் என்ன சொல்கிறது? சங்கத்து அகப்பாடல்களில் தலைவியின் கண்ணைப் புலவர்கள் 'உண்கண்' என்றே அழைக்கின்றனர். மையை உண்ட கண் என்பது அதன் பொருள். ஓரிடத்தில், ஈரிடத்தில் அன்று. எண்ணப் புகுந்தால் ஒரு வகுப்பு மாணவர்களின் விரல்கள் அத்தனையும் போதா. மையில்லாத கண்ணை அக்காலத்துப் புலவன் அழகுக்கு அடையாளமாகக் கொண்டதினும், பிரிவுக்கும் துயருக்கும் அடையாளமாகக் கொண்டதே மிகுதி. கோவலனைப் பிரிந்த கண்ணகியின் கண்கள் அஞ்சனத்தை அறியாதிருந்தன என்று கூறி, அவளுடைய துன்பத்தை நமக்கு உணர்த்துகிறார் இளங்கோவடிகள்.

வள்ளுவரிடம் வருவோம். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, காமத்துப்பாலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்ட பள்ளிக்கூடத் திருக்குறளால் விளைந்த வினைகளுள் இதுவும் ஒன்று. 1127ஆம் குறளின் தலைவி, தன் காதலர் தன் கண்ணுக்குள்ளேயே குடியிருப்பதால், மையெழுதினால் அவர் மறைந்துபோவாரோ என்று அஞ்சி எழுதாமல் இருப்பதாகக் கூறுகிறாள். எழுதாமைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், எழுதுவதே அவளுடைய அன்றாட வழக்கம் என்பது வெள்ளிடைமலை. 1285ஆம் குறள் இன்னும் நுட்பமானது. மை எழுதுங்கால் கோல் கண்ணுக்கு மிக அணுக்கத்தில் வருகிறது. ஆயினும் அக்கோல் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுபோல, தலைவனை நேரில் கண்டபோது அவன் குற்றங்கள் எனக்குத் தெரிவதில்லை என்கிறாள். கண்ணாடியின் முன் நின்று, மூச்சை அடக்கி, கை நடுங்காமல் மை இழுத்துப் பார்த்தவர்க்கே இந்த உவமையின் அருமை முழுதும் விளங்கும். நம்மிடம் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவிக்கு இக்குறளை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. முந்தைய நாள்தான் அதனை அவள் செய்து பார்த்தாள். நாமோ அவள் கையிலுள்ள கோலைப் பிடுங்கிவிட்டு, உவமையணிக்கு எடுத்துக்காட்டாக அக்குறளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

ஆண்டாளைச் சான்று காட்டி என்னை மடக்க எண்ணுவோரும் உளர். திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் ஆயர் சிறுமியர் நோன்பு நாளில் மையெழுதுவதையும் மலர் சூடுவதையும் விலக்கி வைக்கின்றனரே என்பர். உண்மை. அதே பாட்டில் நெய்யையும் பாலையும் சேர்த்தே விலக்குகின்றனர். நெய்யும் பாலும் தீயனவா? விரும்பி நுகரும் நல்லனவற்றைச் சில நாள் விட்டிருப்பதன்றோ நோன்பு!

இன்னொன்றையும் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலையில் எழுத்தைப் பொறிப்பதற்கும், சுவரில் ஓவியம் தீட்டுவதற்கும், கண்ணில் மையிடுவதற்கும் நம் முன்னோர் ஒரே வினைச்சொல்லை ஆண்டனர்: எழுதுதல். மஸ்காரா என்னும் சொல்லோ முகமூடியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லோடு உறவுடையது என்பர். அவர்கள் மூடியதாகக் கருதியதை நாம் எழுதியதாகக் கருதினோம். இத்தகைய மொழியை வைத்துக்கொண்டு, கண்ணெழுதிய பெண்ணைப் பார்த்து 'நீ தமிழச்சிதானா' என்று கேட்பது எவ்வளவு பெரிய அறியாமை!

'அது மருந்து, கண்ணுக்குக் குளிர்ச்சி. இது மேனாட்டு மயக்கு' என்பது அடுத்த வாதம். மருந்தை நிறுத்திய பெண் அதற்குக் காதலைக் காரணம் காட்டுவாளா? அழகுக்காகவே எழுதினாள், அதில் குளிர்ச்சியும் உண்டென்றால் அது மேலதிக வரவு. அன்றியும், அந்த மை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த மூத்தோர் அறிவர். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து, மீண்டும் விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைப்பர். இனி அமெரிக்காவைப் பாருங்கள். 1915இல் சிக்காகோவில் தோன்றிய மேபெலின் நிறுவனத்தின் கதை, அதன் நிறுவனரின் சகோதரி மேபெல் கரியை வாசலினில் குழைத்து இமைக்குப் பூசிக்கொண்டதில் தொடங்குகிறது. கரியும் நெய்ப்பும் அங்கேயும் அவையே. அங்கே ஒருவர் அதனைச் சிமிழில் அடைத்து விற்றார். குழாய்க்குள் செருகிய தூரிகை 1950களின் பிற்பகுதியில்தான் வந்தது. கீழ்த்திசை, மேல்திசை என்று இதில் கோடு கிழிப்பவர் எந்த இடத்தில் கிழிப்பார்? நம் அண்டை வீட்டு மலாய்க்காரர் 'செலாக்' என்கின்றனர். தமிழ் முசுலிம் பெரியவர்கள் 'சுர்மா' என்கின்றனர். அதனை ஆடவரும் இடுகின்றனர். இவர்களில் எவரும் மேனாட்டு மயக்கத்தால் இட்டவர் அல்லர்.

மற்றுமொரு வேடிக்கை. பரிசளிப்பு விழா வந்துவிட்டால், இதே ஆசிரியர்கள் பரதநாட்டியத்திற்குச் சிறுமியரை ஆயத்தம் செய்கின்றனர். அன்று மை காதுவரை நீளலாம். இமைமேல் வண்ணம் பூசலாம். கடைசி வரிசைப் பெற்றோர்க்கும் விழியின் அசைவு தெரியவேண்டும் என்று இன்னும் தடிப்பாக இழுக்கச் சொல்வதும் உண்டு. அன்று அது பண்பாடு. மறுநாள் அதே சிறுமி, அதே மையைத் தன் விருப்பத்திற்கு இழுத்தால் அது சீரழிவு. நம் கோவில் கோபுரத்துச் சுதைகளின் கண்களை எத்துணை அகலமான கறுப்புக் கோட்டால் எழுதுகின்றனர் என்பதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தல் தகும். 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை' வெளிவந்த காலத்தில், சரோஜாதேவியின் கண்ணோரத்து வாலைக் கண்டு தம் கண்ணுக்கும் வால் இழுத்துக்கொண்ட இளம்பெண்கள்தாம் இன்று பண்பாட்டைக் காக்கப் புறப்பட்டிருக்கும் பலருடைய அன்னையர். அவர்களுடைய திருமணப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து உற்று நோக்குக.

அப்படியானால் எதுவுமே கண்டிக்கத் தக்கது இல்லையா? உண்டு. நாம் கண்டிக்காதது அதுவேயாகும்.

1933இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் இமைச்சாயம் விற்கப்பட்டது. அதிலிருந்த சாயப்பொருளால் பெண்கள் பலர் கண்ணோய்க்கு ஆளாயினர். பார்வையை இழந்தவர் உண்டு, உயிரிழந்தவரும் உண்டு. அன்றிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பனைப் பொருளுக்கு இடமே இல்லாமையால் விற்றவரைத் தடுக்க அரசுக்கு வழியில்லை. 1938இல் புதிய சட்டம் வந்தது. ஒப்பனைப் பொருளும் அதற்குள் அடங்கியது. அந்தப் பெண் ஏன் இமைக்குச் சாயம் இட்டாள் என்று அச்சட்டம் கேட்கவில்லை. சிமிழுக்குள் என்ன இருந்தது என்று கேட்டது. நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

பழையது என்பதால் மட்டும் ஒன்று தூயது ஆகிவிடாது. கடையில் 'சுர்மா' என்றும் அஞ்சனம் என்றும் விற்கப்படும் தூள்கள் பலவற்றில் முதன்மைப் பொருளாக இருப்பது காரீயக் கந்தகை என்று ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்வகை மையை ஒப்பனைக்குரிய வண்ணப்பொருளாக ஏற்பதில்லை. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கண்ணைத் தேய்த்த விரலைக் குழந்தை வாயில் வைக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் இமைக்கு மஸ்காரா தீட்டினால் பதறுகின்ற நாம், பெயர் ஊர் தெரியாத மையைப் பச்சிளங்குழந்தையின் கண்ணில் இழுத்துத் திருஷ்டி கழிந்தது என்று மகிழ்கிறோம்.

நம் நாட்டில் இதற்கு வழி இல்லாமலில்லை. 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளன. 2008 தொடங்கி, ஒப்பனைப் பொருள் எதுவாயினும் விற்பனைக்கு வருமுன் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட வேண்டும். அறிவிக்கப்பட்ட பொருளுக்கு 'நோட்' என்னும் மூன்று உரோமன் எழுத்துகளில் தொடங்கிக் 'கே' என்னும் எழுத்தில் முடியும் எண் உண்டு. அதனை அந்நிறுவனத்தின் இணையப் பட்டியலில் எவரும் சரிபார்க்கலாம். இதனை எத்தனை தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம்? வாசிப்புப் பாடத்திற்கு உரை தேடி அலையும் ஆசிரியர், ஒரு மைச்சிமிழின் உறையை வகுப்பிற்குக் கொண்டுவரலாம்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்திற்கு நான் தலைவணங்குகிறேன். பெருநிறுவனங்கள் பெண்ணின் முகத்தைக் குறையுடையதாகக் காட்டி, அக்குறையைத் தீர்க்கப் பொருள் விற்கின்றன என்பது அவ்வாதம். மெய்தான். ஆனால், நண்பர்களே, அந்த வணிகத்தின் மிகக் கொடிய வடிவம் எது? மையா? கண்மை கறுப்பை நாணாமல் முகத்தின் நடுவே வைக்கிறது. கறுப்பையே கழுவித் தீர்க்க வந்தது சிவப்பழகுக் களிம்பு. 1975இல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று தோன்றியது, 2020இல் 'ஃபேர்' என்னும் சொல்லை விட்டுவிட்டுக் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று; பெயர் மாறியது, ஆசை மாறவில்லை. அது பெருநிறுவனத்துப் பொருள். அதன் பின்னால் இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கப்படும் பெயரற்ற களிம்புகள் எத்தனை! அவற்றுள் பாதரசமும் ஐட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்டதாக நம் ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தைத் தாக்குகிறது. மகளின் கண்மையைக் கண்டு கொதிக்கும் தந்தை, அவளுக்கு வரன் பார்க்கும் நாளில் இக்களிம்பைத் தாமே வாங்கி வருகிறார். ஆசிரியர் அறையில் இக்களிம்புகளின் பெயர்கள் பரிமாறப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். இதனைக் கண்டித்து ஒரு சபைகூடல் உரையும் கேட்டதில்லை.

இவ்வளவு சினம் எதற்கு என்று கேட்கலாம். இடைநிலைப்பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடம் அன்று. எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுப்பதா விடுப்பதா என்று முடிவு செய்யப் போகிறவள், நாம் சபைகூடலில் நிறுத்தி வைத்த அந்தப் பெண்ணே. தமிழ் என்றால் தன் முகத்தைக் கழுவச் சொல்லும் மொழி என்று பன்னிரண்டு வயதில் நாம் அவளுக்குக் கற்பித்துவிட்டால், பதினேழு வயதில் அவள் வேறு பாடம் தேடிப் போவதை எந்த இலக்கிய விழாவும் தடுக்காது. அவளுக்கு 1127ஆம் குறளைக் காட்டியிருந்தால் ஒருவேளை மூன்றாம் பாலைத் தானே திறந்து படித்திருப்பாள்.

கடைசியாக, விழா ஒப்பனையைப் பற்றி. முப்பது சிறுமியருக்கு ஒரே கோலால், ஒரே தூரிகையால் வரிசையாக மையெழுதும் வழக்கம் பள்ளிகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. ஒரு பிள்ளையின் சிவந்த கண் நோய் முப்பது பிள்ளைகளுக்கும் பரவ இதனைவிட எளிய வழி இல்லை. திறந்த மஸ்காரா குழாயை மூன்று திங்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. சென்ற ஆண்டு விழாவின் பெட்டியை இவ்வாண்டும் திறக்கிறோம். காய்ந்துபோன மையை உமிழ்நீரால் நனைப்பாரும் உளர். ஆளுக்கொரு கோல், ஆளுக்கொரு சிறு சிமிழ், அறிவிப்பு எண் உள்ள பொருள்: பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கில் இது ஒரு வரிச் செலவு. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், பந்தல் வாடகைக்கும் சிற்றுண்டிக்கும் இடையே அதனைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.