விசாவும் அரிசி அட்டையும்

திறன் விசாவில் அயல்நாடு செல்வோர்க்கு அந்நாட்டு அரசின் நலத்திட்டங்கள் எப்போது, எந்த அளவுக்கு உரியனவாகின்றன என்னும் கேள்வி திருப்பதியின் ஆய்வு மாணவரிடையே அடிக்கடி எழுகிறது. இதில் வியப்பில்லை. இங்குள்ள விடுதி அறைகளில் யாரைக் கேட்டாலும் ஓர் அண்ணனோ அக்காவோ டெக்சாஸிலோ சிட்னியிலோ இருக்கிறார். "வரி கட்டுகிறோம், திரும்ப ஒன்றும் கிடைப்பதில்லை" என்பதே பேச்சின் சாரம். இக்குறை நியாயமானது. ஆயினும் இதே குறையை, இதே மண்ணில் நின்று, வேறு சிலர் நம்மை நோக்கியும் கூற இயலும். அதைப் பற்றியே இக்குறிப்பு. சற்று நீளமானது, நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் அமெரிக்கக் கணக்கைப் பார்ப்போம். எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் ஊதியத்திலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென 6.2 விழுக்காடும், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கென 1.45 விழுக்காடும் பிடிக்கப்படுகின்றன. அதே அளவை நிறுவனமும் செலுத்துகிறது. ஓய்வூதியத் தகுதிக்கு 40 வரவுப் புள்ளிகள் தேவை. ஆண்டுக்கு அதிகப்படியாக 4 புள்ளிகளே சேரும். எச்-1பியின் இயல்பான உச்சவரம்பு 6 ஆண்டுகள். ஆறு நான்கு இருபத்து நான்கு. பச்சை அட்டைக்கு விண்ணப்பித்து வரிசையில் நிற்பவருக்கு நீட்டிப்பு உண்டு. ஊர் திரும்புபவருக்கு அந்தத் தொகை போனது போனதுதான். வேலை போனால் 60 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வேறு நிறுவனம் கிடைக்காவிடில் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான். பச்சை அட்டை கிடைத்த பின்னரும், 1996ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டப்படி, வருவாய் அடிப்படையிலான பெரும்பாலான நடுவண் உதவிகளுக்கு ஐந்தாண்டுத் தடை இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் முறை வேறு. நிரந்தர வதிவிட விசா பெற்ற திறனாளருக்கு மெடிகேர் மருத்துவ வசதி உடனே உண்டு. வேலையின்மை உதவித்தொகை போன்றவற்றுக்கு 2019 சனவரி முதல் 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்துக்கோ 10 ஆண்டு வதிவு வேண்டும். இந்த "4 ஆண்டுகள்" என்னும் எண்ணை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அது சிட்னியில் மட்டும் வழங்கும் எண் அன்று.

அறவியல் நோக்கில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஜோசப் கேரன்ஸ் 2013இல் வெளியிட்ட குடியேற்ற அறவியல் நூலில் ஒரு பகுப்பைச் செய்கிறார்: பங்களிப்பு வாங்கிக்கொண்டு நடத்தும் திட்டம் வேறு, பொது வரியிலிருந்து நடத்தும் மறுபங்கீட்டுத் திட்டம் வேறு. இரண்டாவதில் புதியவரைச் சில காலம் காத்திருக்கச் சொல்வதற்கு ஏதேனும் ஒரு வாதம் கிடைக்கலாம். முதலாவதில் கிடைக்காது. பணத்தைப் பெற்றுக்கொண்டு பயனை மறுப்பது எந்த வாதத்தாலும் நேராகாது. அமெரிக்க எச்-1பி பணியாளரின் முறையீடு இந்த முதல் வகை சார்ந்தது, ஆகவே வலுவானது.

இனி ஸ்ரீசிட்டிக்கு வருவோம். சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த அத்தொழில்நகரில் இசுசூ, கோபெல்கோ, டைகின் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. வேலை விசாவில் வரும் அயல்நாட்டுத் திறனாளர்கள் நம்மிடமும் உண்டு என்பதை விசா விவாதங்கள் மறந்துவிடுகின்றன. அவர்களுக்கு நாம் செய்வது என்ன? 2008 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் "சர்வதேசப் பணியாளர்" என ஒரு வகையைச் சேர்த்தோம். உள்நாட்டவருக்குக் கட்டாயப் பங்களிப்பு 15,000 ரூபாய் ஊதியத்தோடு நின்றுவிடும். இவர்களுக்கோ முழு ஊதியத்திலும் பிடித்தம். நம்மோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத நாட்டவராயின், பொதுவாக 58 வயதுக்குப் பின்னரே பணத்தை எடுக்க முடியும். ஜப்பானோடு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலும், தென்கொரியாவோடு 2011 நவம்பரிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், தம் நாட்டு நிறுவனம் அனுப்பி வரும் அந்நாட்டுப் பொறியாளர் சான்றிதழைக் காட்டி விலக்குப் பெறுகிறார். அமெரிக்கர் பெற இயலாது. இதனை நான் பழிக்குப் பழி என்றே படிக்கிறேன்; பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்க விரித்த வலை என்று சொன்னாலும் பொருந்தும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இவ்விதியை அரசமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது; தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் செல்லும் என்றது. வழக்கு எங்குப் போய் நின்றாலும், "வரி கட்டுகிறோம், கிடைப்பதில்லை" என்னும் வாக்கியத்தை ஓர் அமெரிக்கர் இங்கே நம்மிடம் சொல்ல முடியும் என்பது மட்டும் உறுதி.

இவர்கள் இருவருமே ஓரளவு வசதி படைத்தவர்கள். என் கவலை மூன்றாமவரைப் பற்றியது. அதே ஸ்ரீசிட்டிச் சாலையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து வேலை செய்பவருக்கு விசா தேவையில்லை. அரசமைப்பின் 19ஆம் பிரிவு எங்கும் செல்லவும் வாழவும் உரிமை தந்திருக்கிறது. ஆனால் சென்ற இடத்தில் என்ன கிடைக்கும் என்பதை அப்பிரிவு சொல்லவில்லை. பிறந்த இடத்தைக் காட்டி வேறுபாடு செய்வதை 15ஆம் பிரிவு தடுக்கிறது. "வதிவிடம்" என்னும் சொல் அதில் இல்லை. டி.பி. ஜோஷி வழக்கில் 1955இலேயே உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைச் சுட்டி, வதிவிட அடிப்படையிலான கட்டணச் சலுகையை ஏற்றது. 16ஆம் பிரிவு அரசு வேலையில் வதிவிடப் பாகுபாட்டைத் தடுத்து, அடுத்த உட்பிரிவிலேயே நாடாளுமன்றத்துக்கு விலக்கு வைத்தது.

ஆந்திரத்தில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. 1969, 1972ஆம் ஆண்டுகளின் தெலங்கானா, ஜெய் ஆந்திரா கிளர்ச்சிகளுக்குப் பின் வந்த ஆறு அம்சத் திட்டத்தின் விளைவாக, 1973இல் 32ஆம் திருத்தம் 371-டி பிரிவைச் சேர்த்தது. அதன்கீழ் 1974, 1975இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணைகள் "உள்ளூர் வேட்பாளர்" யார் என வரையறுத்தன. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதியில் 85 விழுக்காட்டு இடங்கள் உள்ளூரார்க்கு. உள்ளூரார் ஆவதற்குத் தகுதித் தேர்வு வரையிலான 4 தொடர் கல்வியாண்டுகள் அப்பகுதியில் படித்திருக்க வேண்டும், படிப்பு இல்லையெனில் வதிந்திருக்க வேண்டும். வேலூரிலிருந்து சித்தூருக்கு வந்த பிள்ளைக்கும், சித்தூரிலிருந்து சிட்னிக்குப் போன பொறியாளருக்கும் அரசுகள் சொல்லும் எண் ஒன்றே.

இவ்விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மழை பொய்க்கும் ராயலசீமையின் பிள்ளைகள் வளம் மிகுந்த கடலோர மாவட்டங்களின் பிள்ளைகளோடு மோதி இடம் பிடிக்க வேண்டிய நிலையை எண்ணிப் பார்த்தால், கல்லூரி இடத்தில் ஒரு வேலி தேவைதான் என்று நானும் கருதுகிறேன். குறைந்த எண்ணிக்கையிலான இடங்களுக்குப் போட்டி நடக்கும் களம் அது. சிக்கல், அந்த வேலியின் மனப்பாங்கு போட்டியே இல்லாத களங்களுக்கும் பரவும்போது எழுகிறது. ஆலை வேலையில் 75 விழுக்காடு உள்ளூரார்க்கு என 2019இல் ஆந்திரச் சட்டமன்றம் சட்டமே இயற்றியது. மறுபுறம், வேண்டுமென்று நினைத்தால் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யவும் முடிகிறது. மாநிலப் பிரிவினைக்குப் பின் தெலங்கானாவிலிருந்து ஆந்திரத்துக்கு இடம்பெயர்ந்தோரை, 2014 சூன் 2 முதல் மூன்றாண்டுக்குள் வந்திருந்தால் உள்ளூராரே எனக் கொள்ளலாம் என்று ஆணை திருத்தப்பட்டு, பின்னர் அக்கெடு நீட்டிக்கவும்பட்டது. ஐதராபாத்திலிருந்து வந்தவர் நம்மவர் ஆனார். சரியான முடிவுதான். கதவு திறக்கக் கூடியது என்பதற்குச் சான்றாக இதைக் குறித்து வைக்கிறேன்.

ஒப்புநோக்கில் அமெரிக்கா இங்கே ஒரு பாடம். ஷபிரோ வழக்கில் 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேறு மாநிலத்திலிருந்து வந்த ஏழைக்கு ஓராண்டு வதிவு நிபந்தனை விதித்து உதவித்தொகையை மறுப்பது செல்லாது என்றது. புதிதாக வந்தவருக்கு முதல் ஆண்டு பழைய மாநிலத்தின் அளவிலேயே உதவி என்ற கலிபோர்னிய விதியும் 1999இல் வீழ்ந்தது. அயல்நாட்டவர்க்கு ஐந்தாண்டு வதிவு கேட்பது செல்லும் என்று அதே நீதிமன்றம் 1976இல் மாத்யூஸ் வழக்கில் கூறியிருந்தது. குடிமகனுக்கு உள்நாட்டில் காத்திருப்பு இல்லை, அயலாருக்கு உண்டு என்பது அவர்கள் போட்ட கோடு. நம் கோடு குடிமக்களுக்கிடையிலேயே ஓடுகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் ஓர் ஏழை கலிபோர்னியா சென்று பெறும் பாதுகாப்பு, வேலூரின் ஏழை சித்தூர் வந்தால் இல்லை.

சாதிச் சான்றிதழில் இது இன்னும் கூர்மையாகிறது. "ஆதி திராவிடர்" என்னும் பெயர் தமிழ்நாட்டின் பட்டியலிலும் உண்டு, ஆந்திரத்தின் பட்டியலிலும் உண்டு. எனினும் எல்லை தாண்டி வந்தவர் புதிய மாநிலத்தில் பட்டியல் சாதி ஒதுக்கீட்டைக் கோர இயலாது. மரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் நிலைபெற்ற இக்கருத்தை, பீர் சிங் வழக்கில் 2018இல் ஐவர் அமர்வு உறுதி செய்தது. 1990 வழக்கைத் தொடுத்த மாணவர், பிழைப்புக்காக மும்பை சென்ற ஓர் ஆந்திரக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு மாநிலத்தில் ஒரு சமூகம் படும் இழிவு வேறொரு மாநிலத்தில் அதே வடிவில் இருக்க வேண்டியதில்லை என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். பட்டியல் தயாரித்தவரின் தர்க்கமாக அதனை ஏற்கலாம். நகரியில் வாடகை வீடு தேடும் ஒருவரிடம் சாதி கேட்கப்படும்போது எந்த மாநிலத்துச் சாதி என்று யாரும் கேட்பதில்லை.

உணவுக்கு வருவோம். "ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை" 2019இல் ஆந்திரம், தெலங்கானா இடையே தொடங்கியோரின் வரிசையில் நடந்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்தது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் அட்டைகளுக்கு மட்டுமே இப்பெயர்வு வசதி. தமிழ்நாட்டின் பொது வழங்கல் அனைவர்க்குமானது; அதில் முன்னுரிமையற்ற அட்டை வைத்திருப்பவர் எல்லை தாண்டினால் அந்த அட்டை வெறும் அட்டை. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் தமிழ்நாட்டு அட்டையோடு கட்டுண்டது. அதனால் வந்தவர்கள் பழைய அட்டையை ஒப்படைப்பதில்லை. ஒப்படைக்காதவருக்கு ஆந்திரத்தின் அரிசி அட்டை கிடையாது. அரிசி அட்டை இல்லாமல் பல நலத்திட்டங்கள் எளிதில் எட்டாது. இரண்டு அட்டைக்கும் ஆசைப்படுகிறார்கள் என்று பேசும் அலுவலர்களை நான் கேட்டிருக்கிறேன். இருப்பதை விட்டுவிட்டு, வருமா வராதா எனத் தெரியாததற்குக் கையேந்த எந்தக் குடும்பமும் துணியாது என்பதே உண்மை.

இவற்றுக்கு நேர்மாறாக ஒன்று இங்கேயே இருக்கிறது. ஊழியர் அரசு காப்பீட்டில் பதிவான தொழிலாளிக்கு, மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், சேர்ந்த நாள் முதல் மருத்துவ வசதி. விபத்து இழப்பீட்டுக்கும் காத்திருப்பு இல்லை. எந்த ஊர் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. கேரன்ஸ் சொன்ன முதல் வகை இது. ஆனால் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெரும்பான்மையோர் இதன் வட்டத்துக்குள் வருவதில்லை.

இங்கேதான் இரு கதைகளும் ஒன்றோடொன்று முடிச்சிடுகின்றன. ஏறத்தாழ 20 நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்த இந்தியா அமெரிக்காவோடு மட்டும் ஏன் செய்ய இயலவில்லை? எதிர்நாட்டின் அமைப்பு "பொதுவாகப் பொருந்தும்" தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. அதாவது, உழைப்போரில் கணிசமான பகுதியினரை அது உள்ளடக்க வேண்டும். நம் வைப்பு நிதியோ அமைப்புசார் துறையின் சிறுபான்மையோடு நின்றுவிடுகிறது. சூளைத் தொழிலாளி இங்கே வெளியே நிற்பதால், திருப்பதிப் பொறியாளரின் பணம் அங்கே முடங்குகிறது. விசா முறையீட்டில் உண்மையான அக்கறை கொண்டோர் தம் நலனுக்காகவேனும் சூளைத் தொழிலாளியின் பக்கம் நின்றாக வேண்டும்.

கல்லூரி இடங்களுக்கான நான்காண்டு விதியை விட்டுவிடுவோம். அது வேறு விவாதம். உணவு, மருத்துவம், விபத்து இழப்பீடு ஆகியவற்றுக்கு எந்த மாநில அட்டையும் எந்த மாநிலத்திலும் முதல் நாள் முதல் செல்ல வேண்டும், செலவை மாநிலங்கள் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும் என்பதே என் நிலைப்பாடு. அரிசிக்கு இக்கணக்கைக் கணினியில் ஏற்கெனவே தீர்க்கிறார்கள். மருத்துவத்துக்கு மட்டும் முடியாது என்பதை நம்புவது கடினம். திறன் விசா குறித்து ஆய்வேடு எழுதும் நண்பர்கள் ஓர் இயலைத் தடா, சத்தியவேடு சாலைக்கு ஒதுக்கினால் நன்று. நகரி, ஏகாம்பரகுப்பம் விசைத்தறிப் பகுதிகளில் அட்டை மாற்றம் குறித்துக் களத்தரவு வைத்திருப்போர் எழுதுங்கள், சேர்த்துத் தொகுக்கலாம்.