சிங்கராஜ வனமும் வழிகாட்டியின் மொழியும்

2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும், அதனைத் தொடர்ந்த கொவிட் தொற்றும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் அடுத்தடுத்து முடக்கிப்போட்ட இலங்கையின் உல்லாசப் பயணத்துறை மீண்டும் தலைதூக்கியுள்ளது. 2024ஆம் ஆண்டில் வந்த வெளிநாட்டு உல்லாசப் பயணிகளின் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்நியச் செலாவணிக்காக ஏங்கும் நாட்டுக்கு இது நற்செய்தி என்பதில் ஐயமில்லை. எனினும், கடற்கரையோடு நின்றுவிடாது காட்டையும் நீர்வீழ்ச்சியையும் வனவிலங்குகளையும் காண விரும்புவோரை அக்காட்டினுள் எவ்வாறு அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு நாம் இன்னும் ஒரே பதிலைக் கண்டுகொள்ளவில்லை.

யாலையில் ஒரு சிறுத்தை வீதியைக் கடந்தால் அதனைச் சூழ்ந்து ஜீப் வண்டிகள் முண்டியடிக்கின்றன. சிங்கராஜ வனத்திலோ நடந்துதான் செல்ல வேண்டும். வழிகாட்டியின்றிச் செல்லவும் முடியாது. இந்தக் கட்டாயத்தைத் தொல்லையாகக் கருதுவோர் உள்ளனர். உண்மையில் அவ்வனத்தின் பாதுகாப்புக்கு வேலியைவிடப் பெருந்துணையாக இருப்பது இந்த ஏற்பாடே எனலாம்.

குடாவ நுழைவாயிலிலிருந்து உள்ளே செல்லும் பிரதான பாதை, 1970களில் மரம் தறிப்பதற்காக வெட்டப்பட்ட வீதியாகும். கொஸ்கம ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இங்கிருந்து மரங்கள் கொண்டு செல்லப்பட்டன. இயற்கை ஆர்வலர்களினதும் பொதுமக்களினதும் எதிர்ப்பினால் 1977இல் அப்பணி நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே யுனெஸ்கோ நிறுவனம் சிங்கராஜவை உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றுக்கொண்டது. 1988இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. லொறிகள் சென்ற தடத்தில் இன்று பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் நடந்து செல்கின்றன.

அவ்வாறு நடப்போருக்கு முதலில் ஏமாற்றமே கிட்டும். மழைக்காட்டில் விலங்குகள் திறந்தவெளியில் வந்து நிற்பதில்லை. இங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவை இலங்கைக்கே உரியவை என்றாலும், தெரியாதவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். காலில் ஏறும் அட்டைகளைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் திரும்புவோரும் உண்டு. ஆனால் காட்டைச் செவியால் அறிந்தவர் உடனிருந்தால் நிலைமை வேறு. சிங்கராஜவில் பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து இரைதேடிச் செல்கின்றன. சராசரியாக ஒரு கூட்டத்தில் 40 பறவைகள் வரை இருக்கும். தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கிளறிப் பூச்சிகளை வெளியேற்ற, கரிச்சான் அவற்றைப் பறந்து பிடிக்கின்றது. வல்லூறு வந்தால் எச்சரிக்கைக் குரலும் எழுப்புகின்றது. 1980களின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்கள் இக்கூட்டங்களை அவதானித்து வருகின்றனர். கரிச்சானின் குரலைக் கேட்டவுடன் குழுவை நிறுத்தி, எத்திசையில் பார்க்க வேண்டும் எனக் காட்டுபவர் அயற்கிராமத்து இளைஞரே. கூட்டம் சில நிமிடங்களில் கடந்துவிடும். அதற்குள் அவர் சொல்லும் நான்கு வாக்கியங்களே அப்பயணத்தின் பெறுமதி.

நீர்வீழ்ச்சிகளிலும் அவ்வாறே. மலையுச்சியில் பெய்த மழை கீழே பெருக்கெடுக்கும் வேகத்தைக் குளிப்பவர் அறியார், ஊரவர் அறிவர். இவ்வனத்தின் நீர் வடக்கே களு கங்கையையும் தெற்கே கிங் கங்கையையும் சேர்கின்றது. காலி நகரத்து மக்களின் குடிநீர் கிங் கங்கையிலிருந்தே பெறப்படுகின்றது. ஆகவே சிங்கராஜவைக் காணாதவரும் அதன் பயனாளிகளே.

கிராமவாசிகளைக் காவியத் தலைவர்களாகச் சித்திரிக்கவும் தேவையில்லை. அவர்கள் கித்துள் பாணியும் மரமஞ்சளும் பெற்று வாழ்ந்தவர்கள்; வீதியும் வைத்தியசாலையும் கேட்பவர்கள். 2020இல் லங்காகம வீதி அகலிக்கப்பட்டபோது சூழலியலாளர் எதிர்த்தனர். ஊரவரோ வீதி வேண்டுமென்றனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வழிகாட்டித் தொழில் ஒன்றே, மரம் நிற்பதனால் கிராமவாசிக்கு வருமானம் தரும் ஏற்பாடாக உள்ளது. குழுக்களின் அளவை மேலும் பெருப்பித்தோ, வாகனங்களை உள்ளே அனுமதித்தோ வருமானத்தைக் கூட்ட முனைந்தால் அதுவும் சிதைந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை உண்டு. வழிகாட்டியின் விளக்கம் சிங்களத்தில் கிடைக்கின்றது. வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் கிடைக்கின்றது. மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கல்விச் சுற்றுலா வரும் பாடசாலை மாணவரும், அக்கரைப்பற்றிலிருந்து வரும் முஸ்லிம் குடும்பமும் தமிழில் ஒருவர் விளக்குவார் என எதிர்பார்த்துச் செல்ல முடியாது. மேற்சொன்ன அந்த நான்கு வாக்கியங்கள் அவர்களுக்கு எட்டுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை வழிகாட்டி ஒரு காவலாளி மாத்திரமே. தமிழும் அரசகரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறியது. ஆனால் அது படிவங்களோடும் பெயர்ப்பலகைகளோடும் நின்றுவிட்டது. அவற்றிலும் எழுத்துப்பிழைகளுக்குக் குறைவில்லை.

தமிழ் பேசுவோரைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதுமில்லை. வனத்தின் ஓரத்திலேயே, தெனியாய, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் மலையகத் தமிழர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். சிங்களமும் சரளமாகப் பேசும் இளைஞர்கள் அவர்களிடையே பலர். தோட்டத்தில் தொழில் வேண்டாமென்று கொழும்புக் கடைகளுக்குச் செல்லும் இவர்கள், அயலிலுள்ள வனத்தால் வரும் வருமானத்தில் பங்கின்றியே இருக்கின்றனர். இங்கு ஒரு சங்கடமும் உண்டு. இருக்கின்ற வழிகாட்டிகளின் பிழைப்பில் கைவைப்பதாக இது தோன்றினால் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்குமிடையே வீண் பகை மூளும். எனவே, தமிழ் பேசும் குழுக்களுக்கென மேலதிகமாகச் சிலரைச் சேர்ப்பதும், ஏனைய வழிகாட்டிகளுக்குத் தமிழில் அடிப்படைப் பயிற்சி அளிப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும். பறவைகளினதும் மரங்களினதும் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்துக் கொடுக்கும் பணியை எமது பல்கலைக்கழகங்களின் விலங்கியல், தாவரவியல் துறைகள் ஏற்கலாம். முதற்கட்டமாகத் தோட்டங்களிலிருந்து பத்து இளைஞர்களைத் தெரிவு செய்வதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவைப்படாது. வனத்தைப் பரிபாலிக்கும் திணைக்களத்தின் ஒரு சுற்றறிக்கை போதுமானது.