சாவி கை மாறிய கதை

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு கார் சாவி இருக்கிறது. கார் இல்லை, சாவி மட்டும்தான்! "இதை எதுக்கு அப்பத்தா சாமிகிட்ட வெச்சிருக்கீங்க?" என்று போன வாரம் பேத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே.

அது எங்கள் பிரீமியர் பத்மினியின் சாவி. பெயர்தான் பத்மினி. தெருவில் எல்லாருக்கும் அது 'ஃபியட்'தான். இத்தாலியின் ஃபியட் 1100 காரைத்தான் பம்பாயில் தயாரித்து, 1970-களில் ராஜஸ்தானத்து ராணியின் பெயரைச் சூட்டினார்கள். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த பத்மினிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றன என்று பேப்பரில் படித்தபோது, சொந்தக்காரர் யாரோ போய்விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

எங்களுடையது 1975 மாடல், வெளிர் நீலம். 1979-இல் இன்னொருவர் கைமாற்றிக் கொடுத்து வாங்கினோம். புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. கியர் தரையில் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் முன் சீட்டு முழு பெஞ்சு! அவர், நான், நடுவில் சின்னவன். பின்னால் அத்தை, மகள், மடியில் புளியோதரைத் தூக்கு. அழகர்கோவில் பாதையில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால், அந்தக் காற்றுக்கு ஈடு ஏது?

இப்படிச் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, 1984-இல் ஒரு நாள் எங்கள் வீட்டு கேட் தூணிலேயே இடித்தது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஓர் உரசல். "ஞாபகத்தை எங்கே வெச்சுக்கிட்டு ஓட்டுறீங்க?" என்று நான்தான் கத்தினேன். மூன்றாவது முறை, இடது பக்கமாக வந்த சைக்கிள்காரப் பையன்மேல் லேசாக இடித்துவிட்டார். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று, தெய்வாதீனம். வீட்டுக்கு வந்ததும் அவர் முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பையன் வந்தது எனக்குத் தெரியவே இல்லை" என்றார்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை மெதுவாக அரிக்கிற நோயாம். வலி கிடையாது. நேர்ப் பார்வை நன்றாகவே இருக்கும், ஓரப் பார்வைதான் முதலில் குறையும். எதிர்ச் சுவரில் காலண்டர் தேதியைப் படிப்பவருக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்டூல் தெரியாது! "போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்தை ஆயுசுக்கும் விடாமல் போடணும். கார் ஓட்டுவதை மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

அவருக்கு அப்போது 42 வயது. பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 'அசதி என்று நினைத்துத் திட்டினோமே' என்று எனக்கும் நெஞ்சை அடைத்தது.

எங்கள் குடும்ப டாக்டர்தான் அவரை உட்காரவைத்து, மதுரைக்காரர்கள் பலரும் அறிந்த டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கதையைச் சொன்னார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்து, 1948-இல் வேலையை விட்டார். நீண்ட காலம் படுக்கை. கைவிரல்கள் கோணிக்கொண்டன. அந்த விரல்களால் பிரசவம் பார்க்க முடியாது என்றானதும் கண் மருத்துவம் படித்தார். கோணல் விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபின், 1976-இல் அவர் 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. "விரல் நிமிரவே இல்லை. வேலைதான் வேறே வழியிலே நடந்தது" என்றார் டாக்டர்.

இருந்தாலும் காரை விற்க இவர் முடிவு செய்துவிட்டார். தரகர் வந்து 18,000 ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், தலை நிமிராமலே, "ஏம்ப்பா, வீட்டிலே கண்ணு தெரிஞ்ச ஆளு இன்னும் ஒண்ணு இருக்கே, அது ஓட்டக்கூடாதா?" என்றாரே பார்க்கலாம்! நான் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு 36 வயது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியற்காலை ஐந்தரைக்குப் பாடம் ஆரம்பித்தது. புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவேன். இடது பக்கத்தில் அவர். என்ஜின் சத்தத்தை வைத்தே, "இப்போ கியர் மாத்து... கிளட்ச்சை மெதுவா விடு" என்பார். காது அவருடையது, கண் என்னுடையது. முதல் டெஸ்டில் மேட்டில் வண்டி பின்னால் உருண்டு ஃபெயிலானேன். அழுதுகொண்டே வந்து வற்றல்குழம்பில் உப்பு போட மறந்தேன். இரண்டாவது தடவை பாஸ். அன்றைக்கு அத்தை வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கும் திருஷ்டி சுற்றினார்!

1987-இல் ஒரு ராத்திரி இரண்டு மணி. நல்ல மழை. மாடி வீட்டுப் பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவன் வெளியூரில். ஒரு வாடகை வண்டி கிடைக்கவில்லை. நம் பத்மினியோ ஈரத்தில் கிளம்ப மாட்டேன் என்கிறது! என் கை நடுங்கியது. "பதறாதே. சோக்கை முழுசா இழு... இப்போ ஸ்டார்ட் பண்ணு... ம், பாதி உள்ளே விடு" என்று பக்கத்தில் அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, வண்டி உறுமியது. ஆஸ்பத்திரிக்குப் போன முக்கால் மணி நேரத்தில் பெண் குழந்தை. அதற்கு வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன தெரியுமா? பத்மினி! இன்று அவளுக்கே இரண்டு குழந்தைகள்.

இன்னொரு நன்மை அதைவிடப் பெரிது. 'கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம்' என்று டாக்டர் சொன்னதால் என் கொழுந்தனையும் அனுப்பிவைத்தோம். அவருக்கும் அழுத்தம் இருந்தது. பார்வை குறையும் முன்பே மருந்து ஆரம்பித்ததால், ஓரப் பார்வைகூடப் போகவில்லை. தூணில் இடித்திருக்காவிட்டால் இரண்டு பேருக்கும் தெரிந்தே இருக்காது.

'எல்லாம் நன்மைக்கே' என்று நான் சொல்ல மாட்டேன். போன பார்வை போனதுதான். ஆனால் மீதி இருப்பதை உடனே கவனித்ததும், சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்ததும்தான் எங்களைக் காப்பாற்றின. வண்டியை 1998-இல் ஒரு மெக்கானிக்குக் கொடுத்தோம். உபரிச் சாவியை மட்டும் நான் கொடுக்கவில்லை!

நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சில விஷயங்கள்:

• நாற்பது வயதானதும் வீட்டில் எல்லாரும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் இன்னும் முன்பே.

• அடிக்கடி கதவில், மேஜையில் இடித்துக்கொள்பவரைத் திட்டாதீர்கள். கண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

• கைக்குழந்தைக்குக் கண்கள் வழக்கத்துக்கு மேல் பெரிதாக இருந்தாலும், வெளிச்சம் பார்த்துக் கூசினாலும், ஓயாமல் நீர் வடிந்தாலும் தாமதிக்க வேண்டாம். பிறவியிலேயே இந்நோய் வருவதுண்டு.

• கண் சிவப்புக்குக் கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தவை அழுத்தத்தை ஏற்றிவிடும்.

• டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை, 'நன்றாகத்தான் இருக்கிறதே' என்று நிறுத்தாதீர்கள்.

அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்றும் தினம் பேப்பரைத் தானே படிக்கிறார். ராத்திரி மருந்து விடும் நேரம் ஆகிவிட்டது, அதோ கூப்பிடுகிறார். அடுத்த இதழில் சந்திப்போம்!