கெட்டவன் பக்கத்து நியாயம்

சினிமாவில் கெட்டவனைக் கண்டுபிடிக்க ரசிகர்கள் சிரமப்படுவதே இல்லை. உருட்டும் விழி, முறுக்கிய மீசை, காரணமில்லாத சிரிப்பு - ஆள் வந்து நின்றதுமே இன்னார் என்று தெரிந்துவிடும். அவனை நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம்.

அந்த நிம்மதியைக் கெடுத்த படம், 1954-ல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த "அந்த நாள்". அதில் பாட்டே கிடையாது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட சமயம். ரேடியோ எஞ்சினீயர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன், சந்தேகத்துக்கு உள்ளானவர்களை ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் வேறொரு ராஜன் எழுந்து வருகிறான். கடைசியில் தெரிவதோ, அவன் எதிரிக்கு உளவு சொன்ன தேசத்துரோகி என்பது!

ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். "பராசக்தி" வந்து 2 வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஜனங்களின் அபிமானத்தைப் பெற்ற நடிகர், துரோகி வேஷத்தில் கொஞ்சம் அனுதாபம் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தேடவில்லை. பயங்கரமாக விழியை உருட்டவும் இல்லை. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பை, நியாயம் தன் பக்கமே என்று நம்புகிறவனைப் போலப் பேசுகிறார். கேட்கும் நமக்கும் ஒரு கணம், "அவன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறதே!" என்று தோன்றிவிடுகிறது. அங்கேதான் பயம் பிடிக்கிறது.

மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயின் நிலைமை இன்னும் கொடிது. ஒரு பக்கம் தேசம், மறு பக்கம் தாலி. அவள் கைத் துப்பாக்கியின் குண்டுதான் அவனைக் கொல்கிறது. துரோகி செத்தான் என்று நம்மால் கை தட்ட முடியவில்லை. புருஷன் போனானே என்று அழவும் முடியவில்லை.

கெட்டவனை இப்படிப் பேசவிட்டால் ஜனங்கள் கெட்டுப் போகமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவனைப் புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. படம் ராஜனை மன்னிக்கவில்லையே!

நிஜ வாழ்க்கையில் துரோகி மீசையை முறுக்கிக்கொண்டு வருவதில்லை. படித்தவனாக, மனக்குறை உள்ளவனாக, நம்மைப் போலவே வருகிறான். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சாக்காக வைத்து நாம் எதைச் செய்யத் துணிவோம்? இந்தக் கேள்வியை மனத்தில் போட்டு அனுப்புகிற நடிப்புதான் நல்ல நடிப்பு.