காடு காட்சிப்பொருள் அன்று

மழைக்காட்டைக் காண மாணவரை அழைத்துச் செல்லும் வழக்கம் நம் பாடசாலைகளிடையே பரவி வருகின்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், சிங்கராஜ வனத்தின் குடாவ வாயிலால் நுழைந்து, அட்டைக்கு அஞ்சிக் காலில் சவர்க்காரம் பூசி, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் மாணவன் கற்றது என்ன? காடு அழகானது என்பதை மட்டுமே. அதை வெட்டியவர் யார், வெட்டுதலைத் தடுத்தவர் யார் என்பதை அவனுக்கு எவரும் கூறுவதில்லை.

அவன் நடந்த பாதையே அக்கதையைக் கூறவல்லது. 1970களின் தொடக்கத்தில், கொஸ்கமவில் அமைந்த அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வழங்குவதற்காகச் சிங்கராஜவினுள் இயந்திரங்கள் புகுந்தன. வெட்டிய மரங்களை வெளிக்கொணர அமைத்த பாதையிலேதான் இன்று சுற்றுலாக்காரர் நடக்கின்றனர். இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட ஆட்சியின் காலத்திலேயே இது நிகழ்ந்தது. முற்போக்காளர் என நம்மைக் கூறிக்கொள்ளும் நாம் இதை மறைக்கலாகாது. உற்பத்தி பெருகினாற் போதும், இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என எண்ணியது நம் பிழை. அறிஞரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1977இல் வெட்டுதல் நின்றது. 1988இல் யுனெஸ்கோ அவ்வனத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. கேள்வி கேட்க மனிதர் இருந்திராவிடின், மரபுரிமை எனப் பெயரிட அங்கு எவ்வளவு எஞ்சியிருக்கும்?

‘காட்டை அழிப்பவன் அறிவற்ற கிராமத்தவனே, அவனைத் திருத்தினாற் போதும்’ என்பாரும் உளர். வரலாறு இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமை ஆக்கிற்று. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலே கித்துள் சீவிப் பாணி காய்ச்சியவன், காகிதம் இல்லாத குற்றத்தால் அத்துமீறுபவன் ஆனான். மத்திய மலைநாட்டின் காடுகளோ கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வீழ்த்தப்பட்டன. வெட்டுவித்தவர் தோட்ட முதலாளிகள். கோடரி பிடித்த கைகளுட் பல தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருடையவை. அவர்களுக்கு அக்காட்டின் பயனும் கிட்டவில்லை, நிலமும் கிட்டவில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தவில் மலை சரிந்தபோது மண்ணுள் புதைந்தவை அவர்களது சந்ததியினர் வாழ்ந்த லயன்களே. இலாபம் ஒருவருக்கு, மண்சரிவு இன்னொருவருக்கு என்னும் இக்கணக்கை எந்தச் சுற்றாடல் தினச் சுவரொட்டியிலே நாம் எழுதியிருக்கின்றோம்?

இளைஞருக்கு வலுவூட்டுவோம் என மேடைதோறும் முழங்குகின்றோம். 2021 மார்ச்சில், தொலைக்காட்சிப் போட்டியொன்றிலே பங்குகொண்ட இளம்பெண் ஒருத்தி, சிங்கராஜவை ஒட்டிய பகுதியிலே காடு அழிக்கப்படுகிறது எனத் துணிந்து கூறினாள். அடுத்த சில நாட்களில் அதிகாரிகளும் பொலிசாரும் அவள் வீடு தேடிச் சென்று விசாரித்தனர். அவள் சொன்னதில் பிழை இருந்தால் சான்று காட்டி மறுத்திருக்கலாம். அதற்கு வீட்டு வாசலிற் காக்கிச் சட்டை வேண்டியதில்லை. மரக்கன்று நடும் பிள்ளைக்குப் பரிசு, மரம் வெட்டப்படுவதைச் சொல்லும் பிள்ளைக்கு விசாரணை! வலுவூட்டல் என்பது இதுதானா?

ஆசிரியராகிய நாமும் குற்றத்திற்கு நீங்கியவர் அல்லோம். முதல், கரு, உரி எனத் திணை இலக்கணம் கற்பிக்கின்றோம். நிலமும் பொழுதும் முதற்பொருள்; மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள்; மனிதர் ஒழுக்கம் உரிப்பொருள். முதற்பொருளே அழிந்தபின் ஏனையவை எங்கு நிற்கும் என ஒரு மாணவன் எழுந்து கேட்டால், ‘அது பரீட்சைக்கு வராது’ என அவனை அமர்த்திவிடுகின்றோம். கேட்கும் வாயை வகுப்பறையில் அடைத்துவிட்டுக் காட்டிலே அது திறக்கும் என எதிர்பார்ப்பது பேதைமை.

எனவே, பயணத்தை நிறுத்துமாறு நாம் கூறவில்லை, மாற்றுமாறு கூறுகின்றோம். புறப்படுமுன் மாணவர் அக்காட்டின் வழக்கையும் வரலாற்றையும் படிக்கட்டும். அங்கு, வழிகாட்டியோடு நில்லாது, கித்துள் சீவுபவனோடும் தேயிலை கொய்பவளோடும் பேசட்டும். களுகங்கையும் கிங்கங்கையும் அவ்வனத்தின் நீரைச் சுமந்து எவ்வூர்களை வாழ்விக்கின்றன, எவ்வூர்களை வெள்ளத்தில் ஆழ்த்துகின்றன என வரைபடத்தில் குறிக்கட்டும். திரும்பிவந்து, தம் ஊரின் குளக்கரையையும் குன்றையும் யார் வெட்டுகின்றனர், யார் அனுமதித்தனர் எனப் பிரதேச செயலகத்திற்குக் கடிதம் எழுதட்டும். பதில் வராவிடின் மீண்டும் எழுதட்டும். அக்கடிதத்திலே முதற் கையொப்பம் ஆசிரியருடையதாக இருக்கட்டும். பிள்ளைகளை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே ஒளிவது கல்வியாகாது.