பிள்ளை பார்க்கிற வேலைதானே?

லாபிஸிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள், ஐந்து கிரெடிட். பாலர்பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்கிறாள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. "பதினோரு வருஷம் படிச்சது ஊர்ப் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடவா?" என்று கேட்கிறாராம். ஜொகூர் பாருவில் இருக்கும் சித்தப்பா, சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வை என்கிறார். "நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்" என்று கடிதம் முடிகிறது.

முடிவைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அம்மா. ஆனால் இந்த வேலையைப் பற்றித் தெரிந்ததை, நல்லதும் கெட்டதுமாக எழுதலாம். அப்பாவும் படிக்கட்டும், மகளும் படிக்கட்டும்.

அப்பாவின் கேள்வியை வெறும் வீம்பு என்று ஒதுக்க மாட்டேன். அது தோட்டத்திலிருந்து வந்த கேள்வி. ரப்பரும் பிறகு செம்பனையுமாக வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு ஆயாக்கொட்டகை தெரியும். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விட்டுவிட்டு மரம் சீவப் போவாள். ஆயாவாக இருந்தவர் பெரும்பாலும் வயதானவர், அல்லது உடம்புக்கு முடியாமல் வெட்டு வேலையை விட்டவர். ஏணையை ஆட்டுவார், பால் கரைத்துக் கொடுப்பார், ஈரத்துணி மாற்றுவார். தாய் திரும்பி வரும்போது பிள்ளை அழாமல், வயிறு காயாமல் இருந்தால் போதும். தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வைப்பது பற்றிய விதி, தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த ஆயா என்ன பயிற்சி பெற்றவர் என்று அந்தக் காலத்தில் கேட்டவர் அரிது. வேறு வேலைக்கு முடியாதவர் செய்கிற வேலை என்று அது நம் மனத்தில் பதிந்துவிட்டது. அப்பா அந்தக் கொட்டகையை நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

இன்றைக்குச் சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது. 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் இடம் தாஸ்கா. 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் அது சமூகநல இலாகாவிடம் பதிய வேண்டும். அங்கே வேலை செய்பவர் அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 4 முதல் 6 வயது வரை தாடிகா, அதாவது நம் பாலர்பள்ளி. அதை நாட்டின் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்; பதிவு கல்வி அமைச்சிடம். இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஒன்றில் பராமரிப்பாளர், மற்றொன்றில் ஆசிரியர். தகுதி வேறு, வேலை நேரம் வேறு, மேலே ஏறும் படியும் வேறு.

2013 முதல் 2025 வரைக்கான மலேசியக் கல்விப் பெருந்திட்டம், பாலர்பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தது இத்துறையில் டிப்ளோமா வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆக, "பிள்ளை பார்க்கிற வேலைதானே" என்பதை அரசாங்கமே ஒப்புக்கொள்ளவில்லை.

உலகமும் ஒப்புக்கொள்ளவில்லை. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில் ஓர் ஆய்வு நடந்தது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பாலர்பள்ளி. பிறகு 40 வயதைத் தாண்டியும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாலர்பள்ளிக்குப் போன பிரிவில் பள்ளி முடித்தவர்கள் அதிகம், நல்ல வருமானம் பெற்றவர்கள் அதிகம், போலீஸில் சிக்கியவர்கள் குறைவு. 2000ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், பின்னாளில் இந்த ஆய்வை வைத்துத்தான் சிறுவயதுக் கல்விக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி வாதாடினார். இதைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒன்று உண்டு: அங்கே பாடம் நடத்தியவர்கள் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், வாரம் ஒருமுறை பிள்ளையின் வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசினார்கள். பலன் கட்டடத்தால் வரவில்லை.

சரி, சம்பளத்துக்கு வருவோம். அப்பா கேட்காமல் விட்டாலும் மகள் கேட்டே ஆக வேண்டியது அதுதான்.

பெரும்பாலான தனியார் தாஸ்காவிலும் பாலர்பள்ளியிலும் தொடக்கச் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி; ஐந்து பேருக்குக் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் இடங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடித்தம். பேரங்காடியில் காசாளராக நின்றாலும் ஏறக்குறைய இதேதான் கிடைக்கும். இதை மறைத்துவிட்டுத் "தெய்வீகமான பணி" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தெய்வீகத்தை வைத்து மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட முடியாது.

ஏன் இவ்வளவு குறைவு? முதலாளி எல்லாரும் கஞ்சர்கள் என்பதல்ல காரணம். விதிப்படி ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். 1 முதல் 3 வயது வரை 5 பேருக்கு ஒருவர். 3 முதல் 4 வயது வரை 10 பேருக்கு ஒருவர். கைக்குழந்தை அறையில் நிற்கும் ஒருவருக்குச் சம்பளம் 1,700, முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக 1,921. மூன்றால் வகுத்தால் ஒரு குழந்தைக்கு 640 வெள்ளி. சொக்சோ, வாடகை, மின்சாரம், சாப்பாடு எதுவும் இன்னும் சேரவில்லை. லாபிஸ் போன்ற ஊரில் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம்கூட இதைக் கட்ட யோசிக்கும், பாட்டியிடம் விட்டுவிடும். கட்டணத்தை ஏற்றினால் பிள்ளை வராது, ஏற்றாவிட்டால் ஆசிரியைக்குக் கொடுக்க முடியாது. கோலாலம்பூரில் இதே கணக்கு ஓரளவு சமாளிக்கும். சின்ன ஊரில் இடிக்கிறது. தாஸ்காவைவிட பாலர்பள்ளி சற்று மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஒரு வகுப்பில் பிள்ளைகள் அதிகம்.

சம்பளம் உயரும் வழி இல்லையா? இருக்கிறது, அரசாங்கப் பக்கம். தமிழ்ப்பள்ளிகளில் கல்வி அமைச்சு நடத்தும் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் நிர்வாக உதவியாளர். உதவியாளர் பதவிக்கு எஸ்.பி.எம். போதும். ஆசிரியர் ஆக வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பட்டப்படிப்பு, அதற்கு எஸ்.பி.எம்.மில் குறைந்தது 5 ஏ எடுத்திருக்க வேண்டும். ஜொகூரிலேயே ஜொகூர் பாருவிலும் பத்து பகாட்டிலும் கழகங்கள் உண்டு, ஆனால் பாலர் கல்விப் பிரிவு எங்கே திறக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்திலும் இத்துறைப் பட்டம் இருக்கிறது. கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கெமாஸ், ஒற்றுமைத் துறையின் பாலர்பள்ளிகள் என்று வேறு வாசல்களும் உண்டு. நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே குறைவு என்பது என் எண்ணம்.

ஐந்து கிரெடிட் வைத்திருக்கும் உங்கள் மகளுக்கு நேரடி வழி டிப்ளோமா. பொதுவாக 3 கிரெடிட் போதும். அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் பி.டி.பி.டி.என். கடனுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த "அங்கீகாரம்" என்ற சொல்லின் மேல்தான் பல குடும்பங்களின் பணம் கரைந்திருக்கிறது. எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டில் கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். வார இறுதியில் ஓட்டல் மண்டபத்தில் நடத்தி, தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுத்து, இரண்டாயிரம் மூன்றாயிரம் வாங்கும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் "மாண்டிசோரி" என்ற பெயருக்கு ஒரு மயக்கம். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தம் முதல் பள்ளியைத் தொடங்கியவர்; 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நம் மண்ணுக்கு அவ்வளவு நெருங்கிய பெயர். ஆனால் அந்தப் பெயருக்குத் தனி உரிமையாளர் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழ் யாரால் வழங்கப்படுகிறது என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பத்து வருடமாகப் பாலர்பள்ளியில் வேலை செய்து, கையில் ஒரு தாளும் இல்லாமல் இருக்கும் அக்காமார் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை, செய்த வேலையின் ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தால் மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்குகிறது. எம்.கியூ.ஏ.வின் அபெல் திட்டத்தின் வழி, 20 வயதானவர் அனுபவத்தைக் காட்டி டிப்ளோமாவில் சேரத் தகுதி பெறலாம். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலை பார்த்துக்கொண்டே இத்துறையைப் படிக்க வசதி செய்திருக்கிறது.

இனி சித்தப்பாவின் சிங்கப்பூர். நாணய மாற்றில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் காசு மூன்றுக்கு மேல். அந்த இழுப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சிங்கப்பூர் என்றாலே தொழிற்சாலை என்று ஏன் நினைக்க வேண்டும்? அங்கே 2013இல் பாலர் பருவ மேம்பாட்டு வாரியத்தைத் தனியாக அமைத்தார்கள். 2014 முதல் கல்வி அமைச்சே பாலர்பள்ளி நடத்துகிறது, அங்கே தமிழும் தாய்மொழிப் பாடம். 2019இல் ஆசிரியர் பயிற்சிக்கென்றே ஒரு தேசியக் கழகம். தமிழில் கதை சொல்லி, பாட்டுப் பாடி, ஐந்து வயதுப் பிள்ளையைத் தமிழில் பேசவைக்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்து எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்த பிள்ளைக்கு அது கையிருப்பு. ஒரு எச்சரிக்கை: நம் நாட்டு டிப்ளோமாவை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணிப் படிக்கத் தொடங்கக் கூடாது. எந்தத் தகுதியை ஏற்கிறார்கள், வேலை அனுமதிக்கு என்ன நிபந்தனை என்று அந்த வாரியத்திடமும் வேலை கொடுக்கும் பள்ளியிடமும் முதலிலேயே எழுதிக் கேட்க வேண்டும். முகவரை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

லாபிஸிலேயே இருக்க வேண்டும் என்றால்? ஆசிரியை வேலையோடு கதை முடிந்துவிடாது. வீட்டிலேயே பத்துக்குக் குறைவான பிள்ளைகளை வைத்து நடத்தும் தாஸ்காவுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து 4 வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்தாலே பதிவு கட்டாயம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. "பக்கத்து வீட்டக்காதானே" என்று நடப்பதில் பல, சட்டப்படி பதியாத தாஸ்கா. லாபிஸ் சிகாமட் மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஐந்தாறு வருட அனுபவத்துக்குப் பிறகு உங்கள் மகள் இதைச் செய்யலாம். அதற்கு முன் வேண்டாம். பிள்ளை மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் பாலர் வகுப்பு இல்லை. இல்லாத இடத்தில் நம் பிள்ளை ஐந்து வயதில் வேறு மொழிப் பாலர்பள்ளிக்குப் போகிறது. நண்பர்கள் அங்கே, பழக்கம் அங்கே, முதலாம் ஆண்டுக்கும் அப்படியே அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அந்த ஐந்து வயதில் தமிழில் "வாடா கண்ணு" என்று கூப்பிட ஓர் ஆசிரியை வேண்டும். அவருக்கு 1,700 வெள்ளி கொடுத்துவிட்டு முப்பது வருடம் இருந்துவிடு என்று சொல்லவும் முடியாது. மித்ரா போன்ற அமைப்புகள் வசதி குறைந்த பெற்றோருக்குக் கட்டண உதவி கொடுத்தது நல்லதுதான். ஆசிரியையின் சம்பளத்துக்கும் படிப்புக்கும் அதே அக்கறை வந்தால், அப்பா கேட்ட கேள்வியை வேறு அப்பாக்கள் கேட்க மாட்டார்கள்.

மகளுக்கு நேராக ஒன்று சொல்கிறேன். டிப்ளோமாவுக்குப் பதியுமுன் ஒரு மாதம், லாபிஸிலோ சாஆவிலோ சிகாமட்டிலோ ஏதாவது பாலர்பள்ளியில் உதவியாளராக இரும்மா. பிள்ளைகள் பிடிக்கும் என்பது வேறு. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுவதைப் பொறுப்பது வேறு. காலை ஏழு மணிக்கு நிற்கத் தொடங்கினால் கால் எப்படி வலிக்கிறது என்று பார். வாந்தி துடைக்க வேண்டியிருக்கும், மூக்கும் சிந்திவிட வேண்டியிருக்கும். அப்பா சொன்னது பொய்யில்லை. அதற்கு நடுவே, மூன்று மாதமாகப் பேசாத பிள்ளை முதல் சொல்லைச் சொல்லும்போது, அது ஏன் இன்று பேசியது என்று யோசிக்கத் தோன்றுகிறதா என்றும் பார். தோன்றினால் இந்தப் படிப்பு உனக்கானது.

நேர்காணலுக்குப் போனால் பயப்படாமல் கேள்: பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது? என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? சேமநிதியும் சொக்சோவும் முதல் மாதத்திலிருந்தே உண்டா? பள்ளி விடுமுறையில் சம்பளம் எப்படி? நான் டிப்ளோமா படிக்கப் போனால் வேலை நேரத்தை மாற்றித் தருவீர்களா? பிள்ளை உடம்பில் அடிபட்ட தடயம் கண்டால் இங்கே யாரிடம் சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேராதே. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, பராமரிப்பாளர் அதைச் சமூகநல அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் குற்றம் உன்மேல் விழும்.