டிஸ்க்கை மாற்றுவது திருத்த வேலை இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்பியூட்டர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக என்னைப் போன்ற ஆசிரியர்கள், கடைசிவரை வாசியுங்கள். கம்பியூட்டர் திருத்தும் தம்பிமாரும் வாசியுங்கள். கோபம் வந்தால் கொமன்டில் சொல்லுங்கள், பதில் தருகிறேன்.

மூன்று வருடம், மூன்று ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். முதலில் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். பிறகு விண்டோஸ் பாதியில் நிற்கும். கடைசியில் டிஸ்க்கே இல்லை என்று திரையில் வரும். கடைக்குக் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு: "சேர், டிஸ்க் போயிட்டு. புதிசு ஒன்டு போடுங்க." ஏன் போனது என்று கேட்டால், "இப்ப வார சாமான் எல்லாம் அப்படித்தான் சேர்."

இதை நான் ஏற்கமாட்டேன். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை இரவு பகலாக ஓடவிட்டு, எத்தனை பழுதாகின்றன என்று வருடாவருடம் வெளியிடுகிறது. அண்மைய வருடங்களில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவுதான். இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் தொடர்ந்து மூன்று வருடம் தற்செயலாகப் பழுதாக, நாம் ஓ.எல். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நிகழ்தகவுப்படி, பத்து லட்சத்தில் 8 வாய்ப்புத்தான்.

"அங்கே ஏசி அறை, சீரான கரண்ட்" என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்படியென்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு, அது இருக்கும் இடத்தையும் அதற்குப் போகும் கரண்டையும்தானே முதலில் பார்க்க வேண்டும்?

மூன்றாவது டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியதும் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் 'ஸ்மார்ட்' பதிவை அது காட்டும். 'பவர் ஒன் அவர்ஸ்' 27,000 மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தது. நான் அதைப் 'புத்தம் புதிசு' என்று வாங்கி ஒரு வருடம்தான். ஒரு வருடம் முழுக்க அணைக்காமல் ஓடினாலும் 8,760தானே வரும்? எங்கோ மூன்று வருடம் உழைத்த டிஸ்க்கை எனக்குப் புதிசு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

பிறகு மின் வேலை தெரிந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். பவர் சப்ளையின் 12 வோல்ட் வயரில், மெஷின் ஓடும்போது 10.9தான். அது 11.4க்குக் கீழே போகக்கூடாது. கேசிங்குடன் சேர்த்து வந்த மலிவான பவர் சப்ளை அது. வோல்ட் விழுந்தால் நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும் தட்டு தடுமாறும். எழுதிக்கொண்டிருந்த இடம் பாதியில் கெடும். இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் எந்த டிஸ்க் தாங்கும்? 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்திலும் யூ.பி.எஸ். இல்லாமல் ஓடிய மெஷின் வேறு. அந்தத் தவறு என்னுடையது.

மூன்று முறை கடைக்குப் போன மெஷினில் ஒரு தடவைகூட யாரும் மீட்டர் வைக்கவில்லை.

மனசு உடைந்த இடத்தைச் சொல்கிறேன். 'செத்துப்போன' இரண்டாவது டிஸ்க் அலுமாரியில் கிடந்தது. புதிய பவர் சப்ளையில் மாட்டினேன். திறந்தது. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் பெரும்பாலும் கிடைத்தன. அப்படியானால் முதலாவதும் உயிரோடு இருந்திருக்கலாம். அதில்தான் வாப்பாவின் கடைசிப் பெருநாள் வீடியோ இருந்தது. கடையில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் எறிஞ்சிட்டம் சேர்."

எங்கே எறிந்தார்கள்? என் வீட்டுப் பெண்களின் போட்டோக்கள் அதில் இருந்தன. இந்தக் கேள்வியை உங்கள் கடையிலும் கேளுங்கள்.

"எஸ்.எஸ்.டி. போட்டால் பிரச்சினை முடிந்தது" என்பவர்களுக்கு: கெட்ட பவர் சப்ளை அதையும் கெடுக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்காமலே போய்விடும். "கூகுள் டிரைவ் இருக்கே" என்பவர்களுக்கு: நல்லதுதான், ஆனால் இலவசமாக 15 ஜீ.பி.தான்.

ஆகவே, இனிக் கடைக்குப் போனால் நான்கு விஷயத்தைக் கேளுங்கள்:

1. மாற்ற முன், பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். 'சி.ஆர்.சி. எரர்' கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிளில்தான் பிழை. கேபிளை மாற்றிப் பார்க்கட்டும்.
2. மெஷின் ஓடும்போது 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டையும் உங்கள் முன் அளக்கட்டும்.
3. புதிய டிஸ்க்கின் மணித்தியாலம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.
4. பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கி வாருங்கள்.

நேர்மையாகத் தொழில் செய்யும் தம்பிமாருக்கு இந்த நான்கும் பாரமில்லை. மீட்டரின் விலை ஒரு டிஸ்க்கின் விலையை விடக் குறைவு.

நல்ல பவர் சப்ளை போட்டு எட்டு மாதம். அல்ஹம்துலில்லாஹ், பிரச்சினை இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் வேறொரு டிஸ்க்கில் கொப்பி எடுக்கிறேன். உங்கள் வாப்பா உம்மாவின் வீடியோ ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கிறதென்றால், இந்தப் பதிவுக்கு லைக் போட முன் அதைக் கொப்பி எடுங்கள்.